வைப்பாறு போய்ச் சேரும் இடம்

சாத்தூர்க்காரனுக்கு வைப்பாறு என்றால் மணல்தான். வெள்ளரிக்காய் விளையும் மணல். மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் அது ஆறாக இருக்கும். கலங்கி ஓடும் அந்த நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று சிறுவயதில் நான் யோசித்ததில்லை. வெகுகாலம் கழித்து, அது மன்னார் வளைகுடாவில் கலக்கும் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரைக்குப் போனபோது, கரையில் நாடா நாடாக ஏதோ ஒதுங்கிக் காய்ந்து கிடந்தது. பாசி என்றே நினைத்தேன். உடன் வந்த நண்பர் ஒன்றைப் பிரித்து வேரைக் காட்டினார்.

கடற்புல் பாசியல்ல. வேரும் தண்டும் பூவும் உடைய தாவரம். ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசுவுக்கு அதுவே மேய்ச்சல். அந்த விலங்குக்காகத்தான் வடக்கே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது.

கரிசல் வெயிலில் பயிர் கருகுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நீருக்குள்ளேயே நிற்கும் பயிரை வெக்கை என்ன செய்துவிடும் என்று தோன்றியது. தேடிப் படித்தபோது கிடைத்த விடை, எங்கள் ஊர்க் கடைகளின் வரவுசெலவுக் கணக்கைப் போலிருந்தது. நீர் வெதுவெதுப்பாகும்போது ஒளிச்சேர்க்கை கூடிப் புல் முதலில் செழிக்கவே செய்கிறது. ஓர் எல்லைக்கு மேல் வரவு குறைகிறது. சுவாசத்துக்கான செலவோ ஏறிக்கொண்டே போகிறது. மண்ணுக்கடியில் தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்தை எடுத்துத்தான் புல் நாளைக் கடத்த வேண்டும். அந்தக் கைமுதல் தீர்ந்தால் அழிவு. போதாததற்கு, சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். இரவில் அது தட்டுப்படும்போது சேற்றிலுள்ள சல்பைடு நஞ்சு வேருக்குள் ஏறிவிடும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் 2011 கோடையில் வீசிய கடல் வெப்ப அலை, அங்கிருந்த புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சிதைத்தது. நம் மன்னார் வளைகுடாவிலும் 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. புல் நிற்பதும் அதே நீரில்தான்.

இந்தக் கணக்கில் வரவு என்பது ஒளி. மண் கலங்கினால் ஒளி குறையும். சாக்கடை கலந்தாலோ அதன் சத்தில் பாசி பெருகிப் புல்லின்மேல் படர்ந்து ஒளியை மறைக்கும். தெளிந்த நீரில் தாங்கியிருக்கக்கூடிய வெப்பத்தைக்கூடக் கலங்கிய நீரில் புல் தாங்காது. கடலின் சூட்டைச் சாத்தூரில் இருந்துகொண்டு என்னால் தணிக்க முடியாது. ஆனால் இருக்கன்குடியில் அருச்சுனா நதியையும் சேர்த்துக்கொண்டு கிழக்கே போகும் ஆற்றில் எதைக் கலக்கிறோம் என்பது எங்கள் கையில் உள்ளது.

மழைக்காலத்தில் பாலத்தின்மேல் நின்று பார்க்கிறேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதென்று முன்புபோல் மகிழ மட்டும் முடிவதில்லை.