மெஷின் ஓட்டுபவருக்கு என்ன சம்பளம்?

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்தவர்களுக்கு அந்த வரிசை தெரிந்திருக்கும். சாம்பிளைச் சின்னக் குப்பியில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, படிவம் நிரப்பி, பணம் கட்டிவிட்டுப் பொதுக் கருவி மையத்தின் வாசலில் காத்திருக்க வேண்டும். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவியை ஒவ்வொரு துறையும் தனியாக வாங்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களிலேயே இதை ஆரம்பித்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் 'சைஃப்' அந்த வழியில் வந்ததுதான். ரிசல்ட் வந்ததும் தீசிஸின் நன்றிப் பக்கத்தில் மையத்தின் பெயர் ஏறும். மெஷின் ஓட்டியவர் பெயர்? பெரும்பாலும் "டெக்னிக்கல் ஸ்டாஃப்" என்ற இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிடும்.

அது சும்மா பட்டன் அமுக்கும் வேலை என்று நினைப்பவர்கள் என்.எம்.ஆர். அறையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கலாம். அங்கே காந்தச் சுருள் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது. அதற்கு வெளியே திரவ நைட்ரஜன். இது ஆவியாகிக்கொண்டே இருப்பதால் பல காந்தங்களுக்கு வாரா வாரம் ஊற்றியாக வேண்டும், தீபாவளியானாலும் சரி. ஹீலியம் குறைந்துபோய்க் காந்தம் 'க்வென்ச்' ஆனால் மிச்சமிருக்கும் ஹீலியமும் சில நிமிஷத்தில் வாயுவாகப் பீறிட்டுக் கிளம்பிவிடும். செலவு ஒரு பக்கம், அறையில் நிற்பவருக்கு மூச்சடைக்கும் ஆபத்து இன்னொரு பக்கம். இதற்கு நடுவில், சாம்பிள் சரியாகக் கரையாமல் பீக் எல்லாம் அகலமாகத் தெரியும்போது, "வடிகட்டி எடுத்துட்டு வாப்பா" என்று மாணவனைத் திருப்பி அனுப்பவும் தெரிய வேண்டும்.

சரி, சம்பளம். அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020ல் ப்ராஜெக்ட் பணியாளர்களுக்கு ஓர் அட்டவணை போட்டது. முதல் நிலை ப்ராஜெக்ட் அசோசியேட், நெட் அல்லது கேட் மாதிரி தேர்வில் தேறியிருந்தால் அப்போது மாதம் 31,000 ரூபாய், இல்லையென்றால் 25,000, கூடவே வீட்டு வாடகைப்படி என்று இருந்தது. அனுபவத்துக்கு ஏற்ப மேல் படிகளும் அதில் உண்டு. காகிதத்தில் பார்த்தால் ஏணி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படி ஏற வேண்டுமென்றால் புது விளம்பரம், புது நேர்காணல். ப்ராஜெக்ட் முடிந்தால் ஏணியையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மெஷின் மட்டும் அங்கேயே இருக்கும்!

சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் நிரந்தர வேலை கிடைத்தவர் கதை வேறு. டெக்னிக்கல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தால் ஏழாவது ஊதியக் குழுவின் 6ஆம் நிலை, அடிப்படைச் சம்பளமே 35,400 ரூபாயில் ஆரம்பம். குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் மதிப்பீடு நடக்கும். மேலே காலியிடம் இருக்கிறதோ இல்லையோ, தேறினால் டெக்னிக்கல் ஆபீசர், சீனியர் டெக்னிக்கல் ஆபீசர் என்று போகலாம். பல்கலைக்கழகக் கருவி மையங்கள் பார்த்துக் கற்க வேண்டியது இதைத்தான்.

பெயர் என்ன பெரிய விஷயமா என்று கேட்கலாம். விவியன் தாமஸ் கதையைப் பாருங்கள். 1930ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் பிளேலாக்கின் ஆய்வகத்தில் சேர்ந்த கறுப்பின இளைஞர். செய்தது ஆராய்ச்சி உதவியாளர் வேலை. சம்பளப் பதிவேட்டில் அவர் துப்புரவுப் பணியாளர்! பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், 1944 நவம்பர் 29 அன்று இதயக் குறையால் நீலம் பாய்ந்த குழந்தைக்கு பிளேலாக் அறுவை சிகிச்சை செய்தபோது, பின்னால் ஒரு ஸ்டூலில் நின்று வழி சொன்னவர் தாமஸ். நாய்களிடம் அந்த முறையைச் செய்து செய்து பழகிய கை அவருடையதுதான். சம்பளம் போதாமல் அதே பிளேலாக்கின் விருந்துகளில் மது ஊற்றிக் கொடுத்தும் சம்பாதித்திருக்கிறார். கௌரவ டாக்டர் பட்டம் வந்தது 1976ல். இதில் நிறவெறிக்குப் பெரிய பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனாலும் வேலைக்கும் பதிவேட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் ஒருவரை வைத்திருக்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் 2000களில் பொதுவான ஒரு சம்பள அளவுகோலுக்கு மாறின. விரிவுரையாளரும் டெக்னீஷியனும் அதே அளவுகோலில்தான், வேலையை எடைபோட்டுப் படியைத் தீர்மானிப்பார்கள். 2017ல் 'டெக்னீஷியன் கமிட்மென்ட்' என்ற உறுதிமொழியும் வந்தது. அதில் அங்கீகாரம், பணி வளர்ச்சி எல்லாம் உண்டு.

இங்கே ஒரே வேலைக்கு ஓரிடத்தில் ஆபரேட்டர், இன்னோரிடத்தில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட், வேறிடத்தில் சயின்டிஃபிக் ஆபீசர் என்று பெயர். பக்கத்து ஊரில் என்ன தருகிறார்கள் என்று ஒப்பிடப் போனால் எந்தப் பெயரில் தேடுவது? அதனால் பெயரை விட்டுவிட்டு வேலையை எழுதட்டும்: எத்தனை கருவி பார்க்கிறார், ரிப்பேரில் எதுவரை அவரே செய்கிறார், வருஷத்துக்கு எத்தனை மாணவர்களுக்குப் பழக்குகிறார், ராத்திரி அலாரம் அடித்தால் யாருக்கு போன் போகிறது. நாலைந்து மையங்கள் சேர்ந்து இதையும் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், முதல் அட்டவணை தயார். ஒரு சாம்பிளுக்கு மாணவனிடம் எவ்வளவு, கம்பெனியிடம் எவ்வளவு என்று கட்டணப் பட்டியல் போடத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத வேலையா என்ன?