விளம்பரத்தில் இல்லாத கச்சேரி

1968 டிசம்பர் 26 அன்று டென்வர் நகரில் லெட் ஜெப்பலின் குழு முதன்முதலாக அமெரிக்க மேடை ஏறியது. நிகழ்ச்சிக்கு முன்பு வந்த பத்திரிகை விளம்பரத்தில் வெனிலா ஃபட்ஜ், ஸ்பிரிட் என்ற இரண்டு குழுக்களின் பெயர்கள்தான் இருந்தன. கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்ட நான்கு ஆங்கிலேய இளைஞர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவர்கள் வாசித்ததைப் பதிவு செய்தது ராக்கி மவுண்டன் நியூஸ் நாளிதழில் பிறகு வந்த விமர்சனம்.

ஆகவே பழைய ராக் கச்சேரிகளைத் தேடுகிறவர்கள் விளம்பரத்தோடு நிற்பதில்லை. முன்னும் பின்னும் சில நாள் பத்திரிகைகளையும் புரட்டுகிறார்கள். பீட்டில்ஸ் ஆய்வாளர் மார்க் லூயிசன் அப்படி உள்ளூர்ப் பத்திரிகைகளைத் துழாவித்தான், அந்தக் குழு வாசித்த சிறுசிறு அரங்குகளைத் தேதிவாரியாக அடுக்கி 1986-ல் நூலாக்கினார். பொறுமையைக் கேட்கும் வேலை அது. மைக்ரோஃபிலிம் திரையில் சோப்பு விளம்பரம், மரண அறிவிப்பு, பழைய கார் விற்பனை எல்லாம் கடந்து போன பிறகு, ஒரு மூலையில் இரண்டு வரி கிடைக்கும்.

அந்த இரண்டு வரியும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. டென்வருக்கு நான்கு நாள் கழித்து, ஸ்போக்கேன் நகரின் கொன்சாகா பல்கலைக்கழக அரங்கில் லெட் ஜெப்பலின் வாசித்தது. விளம்பரத்தில் அச்சான பெயர் ‘லென் ஜெஃப்லின்’! சரியான எழுத்துகளைக் கணினியில் தட்டித் தேடுகிறவருக்கு இது அகப்படவே அகப்படாது. கண்ணால் பக்கம் பக்கமாகப் படிக்கிறவருக்குத்தான் கிடைக்கும். நல்லவேளையாக அன்று பார்வையாளர் ஒருவர் ஒலிப்பதிவும் செய்திருந்தார். அந்தக் குழுவின் மேடைப் பதிவுகளில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது அதுதான்.

விளம்பரமே வராமல் நடந்த கச்சேரிகளும் உண்டு. 1961 டிசம்பர் 9 அன்று இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட்டில் பீட்டில்ஸ் வாசித்தபோது, உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கொடுத்த விளம்பரம் அச்சேறவில்லை. வந்தவர்கள் 18 பேர். புகைப்படங்கள் இருப்பதால் அந்த இரவை யாரும் மறுக்க முடியவில்லை.

வீட்டன் என்ற ஊரின் கதை அப்படி அல்ல. 1969 ஜனவரி 20, திங்கட்கிழமை. வாஷிங்டனில் நிக்சன் அதிபராகப் பதவியேற்ற நாள். அன்றிரவு அருகிலுள்ள மேரிலாண்டின் வீட்டன் இளைஞர் மையத்தில், சுமார் ஐம்பது பேர் முன்னிலையில் லெட் ஜெப்பலின் வாசித்ததாகச் சொல்கிறார்கள். முதல் ஆல்பம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து எட்டே நாள். பெயர் இன்னும் பரவாத காலம். ஜெஃப் க்ரூலிக் என்ற ஆவணப்பட இயக்குநர் இதைத் துரத்திக்கொண்டு ஒரு படமே எடுத்தார். நேரில் பார்த்ததாக அடித்துச் சொல்கிறவர்களைக் கண்டுபிடித்தார். விளம்பரமோ டிக்கெட்டோ புகைப்படமோ அவருக்குக் கிடைக்கவில்லை. வேறொரு நாள் பார்த்த கச்சேரியோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்று சொல்லி நம்ப மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சுற்றுப்பயணத் தேதிகளை வைத்துப் பார்த்தால், குழு ஜனவரி 19 வரை டெட்ராய்ட்டில் வாசித்தது. 23-ல் பாஸ்டனில் தொடங்கியது. நடுவில் வீட்டனுக்குப் போய்வர நாள் இருந்தது. நாள் இருந்தது என்பதால் கச்சேரி நடந்தது என்று ஆகாது. அதே சமயம், முதியவர்கள் ஆசையோடு சொல்லும் நினைவை விளம்பரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுவதும் நியாயமில்லை. ஆல்டர்ஷாட்டிலும்தான் விளம்பரம் வரவில்லை. கச்சேரிப் பட்டியலில் வீட்டனுக்கு இடம் கொடுக்கலாம். பக்கத்தில் ‘சான்று கிடைக்கவில்லை’ என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

மேரிலாண்டில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், 1969 ஜனவரி என்று எழுதிய ஃபிலிம் சுருளோ பள்ளிக்கால டைரியோ இருக்கக்கூடும். அதை வைத்திருப்பவர்கள் குப்பையில் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.