நெற்றி மேடும் குட்டைப் பாவாடையும்

'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்களுக்குக் கேனான் என்பது வேதம். திரையில் ஒருமுறை காட்டியதை மீறக் கூடாது. 2017இல் 'டிஸ்கவரி' வந்தபோது, 1966ஆம் ஆண்டுத் தொடருக்குப் பத்து வருடம் முன்பு நடக்கும் கதையில் கப்பல் எப்படி இவ்வளவு நவீனமாக இருக்கலாம் என்று பலர் கொதித்தார்கள்.

கிளிங்கான்களுக்கு 1979ஆம் ஆண்டுப் படத்தில் திடீரென நெற்றியில் எலும்பு மேடு முளைத்தது. அதற்கு 2005இல் ஒரு வைரஸ் கதையைச் சொல்லி ஒட்டுப்போட்டார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஓட்டை அடைப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

பெண்கள் விஷயத்தில்தான் இடிக்கிறது. 1964-65இல் எடுத்த முதல் பைலட் எபிசோடில் கப்பலின் இரண்டாம் அதிகாரி ஒரு பெண். கால்சட்டை அணிந்து, தலைவர் இல்லாதபோது ஆணையிடுவாள். பெயர்கூட இல்லை, 'நம்பர் ஒன்' மட்டும்தான். அடுத்த பைலட்டில் அவளைக் காணோம். தொடரில் பெண்களுக்குக் குட்டைப் பாவாடை. அவளாக நடித்த மேஜல் பாரெட் நர்ஸாகத் திரும்பினார். 1969இன் கடைசி எபிசோடிலோ, கேப்டன்களின் உலகில் பெண்ணுக்கு இடமில்லை என்று ஒரு பெண்ணே குமுறுகிறாள்.

"அதுவும் கேனான்தானே?" என்றார் ஒரு ரசிக நண்பர். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு நடக்கும் 'எண்டர்பிரைஸ்' தொடரில் எரிகா ஹெர்னாண்டஸ் என்ற பெண் கேப்டன் இருக்கிறாளே என்றேன். அது எழுத்தாளர்களின் பிழையாம். நெற்றிக்கு வைரஸை ஏற்றுக்கொண்டவர் இதற்கு ஒரு சமாதானமும் தேடவில்லை.

2022இல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரில் அந்த அதிகாரி ஊனா என்ற பெயரோடு வந்தாள். நண்பர் கப்பலின் விளக்குகள் சரியில்லை என்கிறார். அதைப் பேசலாம், எனக்கும் அதில் கருத்து உண்டு.