தட்டிப் பார்க்கும் கொத்தனாரும் பர்மிங்காம் பலகைத் தரையும்

கள்ளக்குறிச்சிப் பக்கம் வீடு கட்டுகிறவர்களிடம் தரை பற்றிப் பேச்செடுத்தால், அது நேராக டைல்ஸ் கடைக்குத்தான் போகும். ரெண்டுக்கு ரெண்டா, நாலுக்கு ரெண்டா? பளபளப்பா, மேட்டா? பூஜையறைக்கு வேறு டிசைனா? தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரர் யாரும் கேட்பதில்லை. கீழே பூமி இருக்கிறது, வேறென்ன!

அந்தப் பூமியைக் கவனிப்பது கொத்தனார் வேலை. பேஸ்மட்டத்துக்குள் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, மேலே 4 அங்குலத்துக்கு ஜல்லி கான்கிரீட் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. இடித்து இறுக்குவதில் சோம்பல்பட்டால் ரெண்டு மழைக்காலத்துக்குள் தரை உள்வாங்கும். களிமண் நிலமாக இருந்துவிட்டால் இன்னும் தொல்லை. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, மேலே இருப்பதையெல்லாம் ஆட்டிவைக்கும்.

கள்ளக்குறிச்சியில் இருக்கும் ஒரு கொத்தனார் முப்பது வருஷமாக இப்படித்தான் தரை போட்டுவருகிறார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். பதினாறு வயதில் கச்சிராயபாளையத்துக்கு இறங்கிவந்து கையாளாகச் சேர்ந்து, கரண்டி பிடித்து, ரசமட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டவர். மகளை நர்ஸிங் படிக்க வைத்தார். அவள் இப்போது இங்கிலாந்தில், பர்மிங்காமில் வேலை பார்க்கிறாள். கணவனும் அவளும் சேர்ந்து அங்கே ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறார்கள். முதல் மாடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தவள், ஹாலின் மூலையில் பழைய கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினாள். "அப்பா, கீழ சிமென்ட்டே இல்ல. பலகைதான் இருக்கு."

அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பலகைக்குக் கீழே? "மரச் சட்டம்." அதற்கும் கீழே? "கீழ் வீட்டுக்காரங்களோட சீலிங்."

அது சிப்போர்டு. மரச் சீவலையும் துகளையும் பசையோடு கலந்து, சூட்டில் அழுத்திச் செய்த பலகை. நம்மூரில் மலிவு விலை பீரோவிலும் கம்ப்யூட்டர் மேஜையிலும் இருக்கிறதே, அதன் உறவுக்காரன்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நல்ல மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மனியில் தொழிற்சாலைச் சரக்காகத் தலையெடுத்தது. இப்போது பிரிட்டனில் பல வீடுகளின் மாடித் தரைக்கு அடியில் இதுதான். 18 அல்லது 22 மில்லிமீட்டர் கனம். ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்துக்குள் நுழைந்துகொள்ளும். கீழே ஒன்றரையடி, ரெண்டடிக்கு ஒரு மரச் சட்டம். மரச் சிற்பத்துக்காக 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு, 'மரத்தூளை அழுத்தி அது மேல குடும்பம் நடத்துறாங்களா' என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கரும்புச் சக்கையிலும் இதே மாதிரிப் பலகை செய்யலாம். கரும்பாலைகள் இருக்கும் மாவட்டத்துக்காரர் ரொம்பவும் கேலி பேச முடியாது.

தரை இவ்வளவு பெரிய விஷயமானதற்குக் காரணம் இருந்தது. மகள் ஏழு மாதம். பிரசவத்துக்கு அம்மா விசிட் விசாவில் போய் ஆறு மாதம் இருப்பதாக ஏற்பாடு. அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் வலி. பழைய கார்ப்பெட்டில் முன்பு இருந்தவர்களின் நாய் வாசனை. அதைத் தூக்கினால் நடக்கும்போதெல்லாம் தரை கிறீச்சிடுகிறது. சமையலறையில் சிங்க் ஓரம் பலகை உப்பி, அரை அங்குலம் மேடாக நிற்கிறது. எலும்பு முறிவு வார்டில் வேலை பார்ப்பவள் அவள். இடுப்பு உடைந்து வரும் வயதான பெண்கள் எப்படி விழுந்தார்கள் என்று தினமும் எழுதிக்கொள்கிறவள். அந்த அரை அங்குல மேட்டைப் பார்த்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பாவின் முதல் யோசனை, எதிர்பார்த்தபடியே டைல்ஸ். ஆனால் நம்மூர் மாதிரி ஒன்றரை அங்குலக் கலவை விரித்து, சிமென்ட் பால் ஊற்றி டைல்ஸ் ஒட்டினால் அந்தப் பாரத்தை மரச் சட்டம் தாங்குமா? தாங்கினாலும், நடக்க நடக்கப் பலகை லேசாக வளையும். டைல்ஸ் வளையாது. மூட்டு மூட்டாக விரிசல் விடும். கலவையின் ஈரத்தைக் குடித்துப் பலகையும் ஊறும். சிப்போர்டுமேல் டைல்ஸ் போட வேண்டுமானால் முதலில் அசைவில்லாமல் உறுதிப்படுத்தி, ஈரம் தாங்கும் சிமென்ட் போர்டு மாதிரி ஒன்றை மேலே அடித்து, வளைந்துகொடுக்கும் ரகப் பசையால்தான் ஒட்ட வேண்டும். இதையெல்லாம் மருமகன் படித்துச் சொல்லக் கேட்டுவிட்டு, அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முப்பது வருஷத் தொழில் அந்த வீட்டில் செல்லுபடியாகவில்லை என்பதை ஜீரணிக்க நேரம் வேண்டாமா?

அவருடைய சொந்த வீட்டிலேயே தரை ஒருமுறை அவரை யோசிக்க வைத்திருக்கிறது. அது வேறு கதை, ஆனால் இங்கே சொல்ல வேண்டியது.

மலையில் அவருடைய அம்மா இருக்கும் வீடு மண் தரை. செம்மண்ணைக் கொட்டி, நனைத்து, இடித்து, தட்டி, சாணம் கரைத்து மெழுகுவது. அந்தத் தரை ஒருநாளும் 'முடிந்தது' என்று ஆகாது. வெடித்தால் அடைத்து, தேய்ந்தால் மெழுகி, வீட்டுப் பெண்கள் வாரம் தவறாமல் போட்டுக்கொண்டே இருப்பது. கால் வழுக்காது, வெயில் காலத்தில் சில்லென்று இருக்கும். மழை மாதங்களில் ஓதம் ஏறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மண் தரையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை மெழுகியதில்லை. மலையில் விளையும் கடுக்காயையும் அடிவாரத்துக் கரும்பு வெல்லத்தையும் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்த கலவைதான் அந்தக் காலத்துப் பெரிய வீடுகளுக்கும் கோயில்களுக்கும் போனது. கடுக்காய் பொறுக்கியவர்களின் வீட்டில் கடைசிவரை சாணம்தான்.

கொத்தனார் கள்ளக்குறிச்சியில் வீடு கட்டியபோது, மகள் ஆசைப்பட்டபடி கண்ணாடி மாதிரி விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டார். கிரகப்பிரவேசத்துக்கு மலையிலிருந்து வந்த ஆயா வாசலிலேயே நின்றுவிட்டார். "தண்ணி ஊத்தி வெச்சிருக்கீங்களா சாமி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். மூன்றாம் நாள், "கால் நம்பல" என்று சொல்லிவிட்டு மலைக்குப் பஸ் ஏறினார். காய்ச்சலானாலும் மருந்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுவார். ஆயாவை ராத்திரி தங்க வைத்தது, அதன் பிறகு கட்டில் முதல் பாத்ரூம் வரை பளபளப்பைப் பெயர்த்துவிட்டு அவர் ஒட்டிக் கொடுத்த சொரசொரப்பு டைல்ஸ்தான். வீட்டுக்கு நடுவே வேறு நிறத்தில் ஒரு நடைபாதை. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆயா அதில் கைவீசி நடப்பார்.

அதனால் பர்மிங்காம் தரைக்கு என்ன போடலாம் என்ற கேள்வியை அவர் மனைவியிடமே விட்டார். அந்த அம்மாள் கேட்டது ரெண்டே ரெண்டு. "கீழ உக்காந்து புள்ளைக்கு எண்ணெ தேய்க்க முடியுமா? குளிர்ல கால் வைக்க முடியுமா?"

முடிவு எளிதாகிவிட்டது. குழந்தை இருக்கும் படுக்கையறைக்கு மட்டும் புதுக் கார்ப்பெட், அதுவும் மொத்தமான அடிவிரிப்போடு. ஹாலுக்கு மேட் ரக லேமினேட் பலகை. லேமினேட்டின் வயிறும் அழுத்திய மரநார்தான். தண்ணீர் தேங்கினால் அதுவும் ஊறும். ஆகவே சமையலறைக்குப் பூட்டிக்கொள்ளும் வினைல் பலகை. அசல் மரம் வேண்டாம், விலை கட்டாது. கார்ப்பெட்டை எடுத்துவிட்டுக் கட்டாந்தரை போட்டால் கீழ் வீட்டுக்குச் சத்தம் கேட்கும் என்பதால், பல ஃபிளாட்டுகளின் குத்தகைப் பத்திரத்தில் அதற்குத் தடையோ நிபந்தனையோ இருக்கும். மகள் முதலில் அதை எடுத்துப் படித்தாள். அனுமதி கேட்டு, ஒலி குறைக்கும் அடிவிரிப்பு போடுவதாக எழுதிக்கொடுத்து, பதில் வந்த பிறகுதான் சாமான் வாங்கினாள். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேலை நடந்த ரெண்டு நாளும் போன் ஜன்னல் விளிம்பில் சாய்ந்திருந்தது. இங்கே கொத்தனார், அங்கே மண்டி போட்ட மருமகன்.

"மாப்ளே, சுத்தியல் பிடியால தட்டிட்டே வாங்க. கெட்டிச் சத்தம், பொக்குச் சத்தம் ரெண்டும் எனக்குக் கேக்கணும்."

டைல்ஸ் ஒட்டிய பிறகு காலி இடம் இருக்கிறதா என்று பார்க்க அவர் தட்டுகிற அதே தட்டு. போன் வழியாகவே சட்டம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று சொன்னார். கிறீச்சிடும் இடங்களில் பலகையை ஆணி மட்டும் பிடித்திருந்தது. ஆணி தளர்ந்து, பலகை அதன்மேல் ஏறி இறங்கியது. ஸ்குரூ போட்டு முடுக்க வேண்டும். மருமகன் டிரில்லைத் தூக்கியதும் அவர் கத்தியேவிட்டார். "இருங்க! அடியில தண்ணிக் குழாய் எங்க போவுது, கரண்டு எங்க போவுது?" தேடிப் பார்த்ததில், ஹீட்டருக்குப் போகும் செம்புக் குழாய் முதல் ஸ்குரூவுக்குக் குறித்த இடத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் ஓடியது. சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுத்தான் மீதி வேலை.

சிங்க் ஓரம் உப்பியிருந்த பலகையை இழைத்துச் சமன் செய்யலாம் என்றான் மருமகன். அவர் விரலால் குத்தச் சொன்னார். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. ஊறிய சிப்போர்டு காய்ந்தாலும் பழைய பலம் வராது. முதலில் ஒழுகும் குழாயைச் சரிசெய்து, கெட்ட பகுதியைச் சட்டத்தின் நடுவரை வெட்டியெடுத்து, விளிம்புக்குத் தாங்கு கட்டை கொடுத்து, ஈரம் தாங்கும் ரகப் பலகையைப் பொருத்தினார்கள். அரை நாள் போனது.

மற்றதெல்லாம் சுலபம். லேமினேட் கட்டுகள் ரெண்டு நாள் முன்பே அந்த அறையிலேயே படுத்துக் கிடந்தன, அறையின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழக. சுற்றிலும் சுவர் ஓரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றதும் அவருக்கு உடனே புரிந்தது. கள்ளக்குறிச்சிச் சித்திரை வெயிலில் இடைவெளி விடாமல் ஒட்டிய டைல்ஸ் கூடாரம் மாதிரி எழும்பி நிற்பதைப் பார்த்தவராயிற்றே. வரிசைக்கு வரிசை மூட்டு ஒரே கோட்டில் விழாமல் மாற்றிப் போட்டார்கள். லேமினேட்டுக்கு ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. அது சும்மா மிதக்கும். இதை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "ஒட்டாத தரை என்ன தரை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கதவின் அடி உரசியது. கழற்றி இழைத்தார்கள்.

மீந்த ஒரு கட்டைக் கட்டிலுக்கு அடியில் பத்திரப்படுத்தச் சொன்னார். எந்த வீட்டிலும் நாலு டைல்ஸைப் பரண்மேல் வைத்து, பெட்டியிலிருக்கும் ஷேட் நம்பரைக் கதவுக்குப் பின்னால் எழுதிவிட்டு வருவது அவர் வழக்கம்.

அம்மா போய்ச் சேர்ந்த மறுநாள் காலை வாய்ஸ் மெசேஜ் வந்தது. பிளேன், குளிர், இட்லி மாவு புளிக்காதது எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் தரைக்கு வந்தார். "கால் நம்புது. சத்தமும் இல்ல. ஆனா மேல் வீட்டுக்காரங்க நடக்குறது ராத்திரியெல்லாம் கேக்குது. அவங்களுக்கும் இந்த ஆணி சமாச்சாரத்தைச் சொல்லட்டுமா?"