கழற்றி வைத்த எஞ்சின்

மோட்டார் வாகனங்களைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தும் சொந்தமாக ஒரு கார் வைத்திருந்ததில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் நண்பர்களின் வாகனங்களிலுமே காலம் கழிந்தது. ஆயினும் ஒரு காரின் கதையை எழுதியே ஆகவேண்டிய நிலை சென்ற மாதம் ஏற்பட்டது. ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். "அங்கிள், அப்பாவின் காரிலிருந்து கழற்றிய பழைய எஞ்சின் இப்பவும் இருக்கிறதா?" என்பதே அதிலிருந்த ஒரேயொரு கேள்வி. ஒரு சொல்லில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரியாத சில விடயங்கள் எனக்குத் தெரியும். அவற்றை எழுதி வைக்காமல் போய்விடக் கூடாது என்று தோன்றியது.

அவளுடைய தகப்பனார் எனது பள்ளித் தோழர். அவரின் தந்தையார் கொழும்பில் புரக்டராகத் தொழில் பார்த்தவர். கண்டிப்பான மனிதர். வெள்ளைக் கோட்டும் விபூதிக் குறியுமாக நீதிமன்றம் செல்லும் அவர், 1956 இல் எவரும் எதிர்பாராத வகையில் ஒரு பந்தயக் கார் போன்ற வண்டியை வாங்கினார். அதுதான் எம்.ஜி.ஏ. குடும்பம் பெரியது, வண்டியிலோ இருவருக்கு மேல் இருக்க முடியாது. "எதற்காக வாங்கினீர்கள்?" என்று கேட்கும் துணிவு வீட்டில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

எம்.ஜி.ஏ. 1955 இல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. 1962 வரையில் 101,081 வண்டிகள் உற்பத்தியாகின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெளிநாடுகளுக்கே போயின. அதன் கதவுக்கு வெளிப்புறத்தில் கைப்பிடி கிடையாது. உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். காலை வைக்கும் தளம் மரப்பலகை. ஆசனங்களுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ற் பற்றரிகள். மழை வந்தால் கூரையை இழுத்து மூடுவதற்குள் நனைந்து முடிந்துவிடும்.

வெளித்தோற்றத்தில்தான் அது சீமான். உள்ளே இருந்த எஞ்சின் சாதாரண குடும்பத்துப் பிள்ளை. 1489 கன சென்றிமீற்றர் கொள்ளளவுடைய அந்த எஞ்சினின் உடன்பிறப்புகளே ஒஸ்ரின் ஏ50, ஏ55 கேம்பிரிட்ஜ் கார்களிலும் இருந்தன. தமிழக வாசகர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்வதானால், அம்பாசிடர் கார் பல ஆண்டுகள் ஓடியதும் இதே குடும்பத்து எஞ்சினில்தான். எம்.ஜி.யில் இரண்டு காபரேற்றர்களைப் பூட்டிக் கொஞ்சம் முறுக்கேற்றியிருந்தார்கள், அவ்வளவே. அந்த முறுக்கின் சத்தம் தனியானது. தந்தையாரின் காலத்துக்குப் பின்னர் வண்டி நண்பரின் கைக்கு வந்தது. எழுபதுகளில், இரவுப் பதிப்பு அச்சுக்குப் போனபின் அவர் என்னை ஏற்றிக்கொண்டு காலிமுகத்திடல் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றுவார். தெருமுனையில் சத்தம் கேட்டதுமே எங்கள் காவலாளி வாயிற்கதவைத் திறந்துவிடுவார்.

1983 ஜூன் மாதம் கண்டியிலிருந்து திரும்பும் வழியில், கடுகண்ணாவைக்கு அருகில் எஞ்சின் கொதித்துவிட்டது. நண்பர் பொறுமையிழந்து, ஆறுவதற்குள் குளிர்ந்த நீரை ரேடியேற்றருக்குள் ஊற்றினார். வார்ப்பிரும்பு கொதிநிலையில் இருக்கும்போது குளிர்நீரைக் கண்டால் என்னவாகும் என்பதை அன்று நானும் கற்றுக்கொண்டேன். எஞ்சின் உடலில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு விழுந்தது. வண்டியை லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்து, நாவலப் பக்கம் இருந்த ஒரு கராஜில் விட்டோம். கைவினைஞர்களைச் சிங்களத்தில் 'பாஸ்' என்று மரியாதையாக அழைப்பது வழக்கம். அந்தக் கராஜ்காரரையும் நாங்கள் பாஸ் என்றே அழைத்தோம். "ஒரு மாதம் ஆகும், மாத்தயா" என்றார் அவர்.

அந்த மாதம் முடிவதற்குள் ஜூலை வந்தது. வெள்ளவத்தையில் நண்பரின் வீடு எரிந்தது. குடும்பத்தினர் உயிரோடு அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டு முற்றத்தில் நின்ற மற்றக் கார் சாம்பலாயிற்று. எம்.ஜி. மட்டும் தப்பியது. பாஸ் அதன் சக்கரங்களைக் கழற்றி, பழைய தகரங்களை மேலே அடுக்கி, கழிவிரும்புக் குவியலைப் போல் ஆக்கிவைத்திருந்தார். விசாரிக்க வந்தவர்களிடம் அது தன்னுடைய பழைய இரும்பு என்று சொன்னாராம். இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. அவருடைய மகன் பல ஆண்டுகளின் பின் சொல்லித்தான் தெரியும்.

எஞ்சின் வெடித்திராவிட்டால் வண்டி வீட்டில் நின்றிருக்கும், எரிந்திருக்கும். அந்த வெடிப்பே அதைக் காப்பாற்றியது.

நண்பர் 1984 இல் கனடாவுக்குப் போனார். வண்டி கராஜின் மூலையிலேயே கிடந்தது. பாஸ் வாடகை கேட்கவில்லை. 2015 இல் நண்பர் ஓய்வுபெற்றுக் கொழும்பு வந்தபோது அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தந்தையாரின் காரை யாழ்ப்பாணம் வரைக்கும் ஓட்டிப்போக வேண்டும். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அதற்கு அவர் கண்ட வழியைக் கேட்டு நான் அதிர்ந்துபோனேன். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் பூட்டப்போகிறாராம்.

நான் எதிர்த்தேன். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அது எம்.ஜி.யே அல்ல என்று வாதிட்டேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சின் நடுவே இருந்த நீண்ட தழும்பைக் காட்டினார். "ஐசே, எனக்கே மூன்று குழாய் மாற்றிப் பூட்டியிருக்கிறாங்கள். இப்ப நான் ஆர்?" என்றார். அதற்குமேல் என்ன பேசுவது?

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பழைய எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்காக வார்க்கப்பட்டது. இலங்கையில் 2002 இல் அந்தப் பெற்றோல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஈயமில்லாத பெற்றோலில் நெடுந்தூரம் விரட்டினால் வால்வுகள் அமரும் இடம் மெல்லத் தேயும். கியரோ நான்குதான். நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் கத்தும். வன்னி வெயிலில் மறுபடியும் கொதிக்கும். உதிரிப்பாகம் வேண்டுமானால் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். ஜப்பான் எஞ்சினுக்கென்றால் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கிடைக்கும்.

எஞ்சின் மாற்றம் ஒன்றும் புதுமையானதல்ல. எம்.ஜி.ஏ.யின் தம்பியான எம்.ஜி.பி.க்குள் ரோவரின் எட்டு சிலிண்டர் எஞ்சினைத் தனியார் சிலர் பூட்டி ஓட்டியதைக் கண்டபின், 1973 இல் தொழிற்சாலையே அப்படியொரு வண்டியை விற்பனைக்கு விட்டது. அம்பாசிடருக்கும் 1990களின் தொடக்கத்தில் இசுசு எஞ்சின் வந்தது. அதன் பின்னரும் 2014 வரை அது அம்பாசிடராகவே உற்பத்தியாயிற்று.

பாஸ் தேர்ந்தெடுத்தது நிசான் வனெற் வான்களில் வந்த ஏ15 எஞ்சின். பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஜப்பானிலிருந்து இறக்கிய எஞ்சின்கள் வாழைக்குலைகளைப் போல் தொங்கும். அங்கே மூன்று நாள் அலைந்து, ஐந்து கியர்ப் பெட்டியோடு ஒன்றைப் பிடித்தார். அதன் கொள்ளளவு 1488. பழையதற்கும் புதியதற்கும் ஒரேயொரு கன சென்றிமீற்றர்தான் வித்தியாசம்! எனக்கு ஆர்வம் பிறந்து பத்திரிகைக்காரப் புத்தியோடு தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரின் பின் நிசான் கம்பனி கார் செய்யக் கற்றுக்கொண்டதே ஒஸ்ரினிடம்தான். 1952 இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஒஸ்ரின் ஏ40 ஐயும் பின்னர் ஏ50 ஐயும் ஜப்பானில் கட்டினார்கள். அதாவது, நண்பரின் காரில் இருந்த அதே இன எஞ்சினை அவர்கள் வார்த்தார்கள். 1957 இல் அதன் பிஸ்டன் ஓடும் தூரத்தைக் குறைத்து 988 கன சென்றிமீற்றரில் தங்களுக்கென ஒரு சிறு எஞ்சினை உருவாக்கினார்கள். ஏ15 அதற்குப் பிந்திய வேறு வடிவமைப்புத்தான். ஆயினும் படித்த பள்ளிக்கூடம் தெரியத்தான் செய்கிறது. பாஸிடம் இதைச் சொன்னேன். "அப்படியென்றால் இது அந்நியமில்லை, மாத்தயா. பேரன் வீட்டுக்கு வருகிறான்" என்று சிரித்தார்.

பேரனை வீட்டுக்குள் நுழைப்பது இலகுவாக இருக்கவில்லை. புதிய எஞ்சினின் அடிப்பக்க எண்ணெய்த் தொட்டி, காரின் முன் குறுக்குச்சட்டத்தில் முட்டியது. கியர்த் தண்டு பழைய துளைக்கு நேராக வரவில்லை. பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டின் நீளம் பொருந்தவில்லை. மின்சாரம் தலைகீழாக இருந்தது, அக்கால எம்.ஜி.யில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும், ஜப்பானியருக்கோ எதிர்முனை. குறுக்குச்சட்டத்தில் இரண்டு அங்குலம் வெட்டினால் பாதி வேலை முடிந்துவிடும் என்று மகன் சொன்னார். பாஸ் மறுத்துவிட்டார். "வனெற் எஞ்சின் பஞ்சிகாவத்தையில் இன்னும் பத்துக் கிடைக்கும். இந்தச் சட்டம் கிடைக்குமா? கிடைக்கக்கூடியதை வெட்டு" என்றார். எண்ணெய்த் தொட்டியை வெட்டி வேறு வடிவில் ஒட்டினார்கள். கியர்த் தண்டைச் சூடாக்கி வளைத்தார்கள். எஞ்சினைத் தாங்கும் புதிய பிடிகளைப் பழைய ஆணித்துளைகளிலேயே பூட்டினார்கள். காரின் உடலில் புதிதாக ஒரு துளைகூட விழவில்லை. கழற்றிய ஒவ்வொரு ஆணியும் பால்மாத் தகரங்களில் சேர்ந்தது. தகரத்தின் மேல் சிங்களத்தில் பெயர் எழுதப்பட்டது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் அச்சுக்கூடம் நினைவுக்கு வந்தது. நான் வேலை பார்த்த பத்திரிகை ஒன்றில் கணினி எழுத்துக்கோப்பு வந்தபோது, ஈய எழுத்துகளை நிறுத்துப் பழைய உலோகமாக விற்றார்கள். மாற்றம் தேவையானதுதான், அதை வரவேற்று எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒரு பெட்டி எழுத்தையாவது எடுத்து வைப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இன்று என் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் ஒரு 'அ' கூடக் கிடையாது.

2016 இல் பயணம் போனோம். அதிகாலையில் புறப்பட்டு, மாலை வெயில் சாயும்போது ஆனையிறவைக் கடந்தோம். வெப்பமானி முள் நடுவில் நின்றபடி அசையவில்லை. ஐந்தாம் கியரில் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. உண்மையைச் சொல்வதானால், பழைய சத்தம் இல்லை. வான் ஒன்று அடக்கமாகப் போவதுபோல் இருந்தது. முகப்பில் இருந்த சுழற்சிமானியின் முள்ளும் பூச்சியத்திலேயே கிடந்தது. அது ஒரு கம்பியால் பழைய எஞ்சினோடு இணைந்து வேலை செய்த கருவி. புதியதில் அந்தக் கம்பியைக் கொழுவ இடமில்லை. மாங்குளம் தாண்டியபோது நண்பர் அந்த முள்ளைப் பார்த்துவிட்டு, "அப்பா இருந்திருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார்" என்றார். பின்னர் நெடுநேரம் பேசவில்லை. நல்லூரில் வண்டியை நிறுத்தியபோது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பாஸ் 2019 இல் காலமானார். நண்பர் 2021 இல் ரொறன்ரோவில் காலமானார். வண்டி இப்போதும் அதே கராஜில் நிற்கிறது. மாதம் ஒருமுறை மகன் ஓட்டுகிறார்.

மின்னஞ்சல் வந்த மறுநாள் நான் கராஜுக்குப் போனேன். மகன் ஒரு தார்ப்பாயை விலக்கினார். மரத்தட்டின் மேல், கிறீஸ் பூசியபடி, அந்த 1489 இருந்தது. வெடிப்பு இருந்த இடத்தில் வரிசையாகச் சிறு புள்ளிகள். வெடிப்பின் நெடுகத் துளையிட்டு, ஒன்றோடொன்று கவ்வும்படி திருகாணிகளை இறக்கி, இரும்பைத் தைப்பது ஒரு பழைய முறை. நெருப்பில்லாமல் செய்யும் வேலை. நாட்கணக்கில் பொறுமை வேண்டும். 2017 இல், எவரும் கேட்காமலே, கூலியும் வாங்காமல், பாஸ் தன் ஓய்வு நேரங்களில் தைத்து முடித்திருக்கிறார். "எதற்கு என்று கேட்டேன். 'இதனால்தானே கார் மிஞ்சியது' என்றார்" என மகன் சொன்னார். பால்மாத் தகரங்களும் பக்கத்தில் அடுக்கியிருந்தன.

எஞ்சினை மாற்றலாமா கூடாதா என்று அன்று நான் வாதாடியது வீண். மாற்றினபடியால்தான் நண்பர் தம் ஆசையை நிறைவேற்றிக்கொண்டு போனார். வெட்டாமல் மாற்றினபடியால்தான் அவருடைய மகளுக்கு இன்று கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது.

பழையதை மீண்டும் பூட்டுவதா, பேரனையே ஓடவிடுவதா என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. படம் ஒன்றை எடுத்து அனுப்பி, கீழே ஒரு சொல் எழுதினேன்: "இருக்கிறது."