ஒத்தாசை

சாஸ்வதம் என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை போய் வெகுகாலமாகிறது. கரிசலில் பிறந்தவனுக்கு இது எளிதில் வந்துவிடும். கோடையில் பாதம் புதையுமளவு வெடித்துக் கிடக்கும் நிலம், ஐப்பசி மழைக்குப் பின் வெடிப்பின் சுவடே இல்லாமல் மூடிக்கொள்கிறது. ஆனால் வேதவசனம் மாத்திரம் மாறாது என்று என் அம்மா கடைசிவரை நம்பினாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே, அப்பா உரக்க வாசிக்கக் கேட்டுச் சங்கீதங்களை மனதில் ஏற்றிக்கொண்டவள். அப்பா வாசித்தது ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு மொழிபெயர்த்து 1871ல் வெளிவந்த வேதாகமம். தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் பெரிதும் ஒலிப்பது அதுவே.

அவள் படுக்கையில் விழுந்தபோது அப்பா இல்லை. ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்த நான் வாசிக்க வேண்டியதாயிற்று. அப்பாவின் புத்தகத்தைக் கரையான் அரித்திருந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995ல் கொண்டுவந்த திருவிவிலியம் என்னிடம் இருந்தது, மொழிக்காக வாங்கியது. 121ஆம் சங்கீதத்தை எடுத்தேன். 'மலை' என்றதும் கண் திறந்தாள்.

"எய்யா, பர்வதம்லா."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"மலைன்னா நம்ம கதிரேசன் மலை. இது வேற."

'உதவி' வந்தபோது 'ஒத்தாசை' என்று திருத்தினாள். யோசித்தால், அவளுக்கு இரண்டுமே வேண்டியிருந்திருக்கிறது. பர்வதம் அவள் கண்டிராத எங்கோ இருக்க வேண்டும். ஒத்தாசையோ, விறகுச் சுமையைத் தலைக்கு ஏற்றிவிட ஒருத்தி கைகொடுப்பதுபோல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எனக்குள் ஒரு வாதம் எழுந்தது. மாறாதது என்று இவள் பற்றியிருக்கும் சொற்களும் ஒரு காலத்தில் புதிதாய் வந்தவைதானே? சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715ல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டில் கடவுளின் பெயர் சருவேசுரன். 1772ல் வந்த பப்ரீஷியஸின் மொழிபெயர்ப்பில் பராபரன். 1871ல் தேவன். 1995ல் கடவுள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் யாரோ ஒரு கிழவி 'இது நம்ம வேதம் இல்லையே' என்று திகைத்திருக்கக்கூடும். தெய்வத்தின் பெயரே நிலைக்காதபோது நிலைப்பது எது?

இதை அவளிடம் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் அந்த முதல் வசனம் ஒரு கூற்று. ஒத்தாசை பர்வதங்களிலிருந்து வருகிறது, சந்தேகத்துக்கு இடமில்லை. எபிரேய மூலத்தில் இருப்பதோ 'எங்கிருந்து' என்ற வினாச்சொல். புதிய மொழிபெயர்ப்பு அதைக் கேள்வியாகவே வைத்திருக்கிறது. பதில் அடுத்த வசனத்தில்தான். அப்படியானால், அம்மா ஆயுள் முழுக்கச் சாய்ந்திருந்த அந்த நிச்சயம் மூலத்தில் இல்லை. அங்கே முதலில் நிற்பது என்னைப் போன்றவனின் கேள்வி. ஒரு கணம் வென்றுவிட்டதாகக்கூட நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

புத்தகத்தை மூடினேன். அவள் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். எழுத்தறியாதவள் ஓத, படித்தவன் பின்தொடர்ந்தான். இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினாள், நானும் நிறுத்தினேன். எட்டு வசனமும் முடிய நேரமாயிற்று. அதன்பின் அவள் பேசியது கொஞ்சமே.

இன்றும் நான் விசுவாசி இல்லை. 1995ன் மொழிபெயர்ப்பே மூலத்துக்கு நெருக்கம் என்று யாரிடமும் வாதிடுவேன். ஆனால் ராத்திரிகளில் பயம் வரும்போது அந்தச் சங்கீதம் தானாக நாவில் வருகிறது. கேள்விக்குறி இல்லாமல், பர்வதத்தோடும் ஒத்தாசையோடும், அம்மா மூச்சு வாங்கிய அதே இரண்டு இடங்களில் நின்று நின்று வருகிறது.