சருகை எண்ணப் போன மலை

காலையில் வாசலில் ஒரே ஒரு மாவிலை கிடந்தாலும் எங்கள் அம்மாவுக்குப் பொறுக்காது. விளக்குமாற்றைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் காபியே தருவார். அப்படி வளர்ந்த நான், கடந்த ஜனவரியில் ஆஸ்திரேலிய மலையொன்றின் மேல் முழங்காலிட்டு, தரையில் எவ்வளவு காய்ந்த இலை கிடக்கிறது என்று அரைநாள் கணக்கெடுத்தேன்.

எல்லாம் பெரியம்மா மகளால் வந்தது. அக்கா பல ஆண்டுகளாக மெல்பர்னில் இருக்கிறார். தாவரங்களைக் கணக்கெடுப்பது அவருக்கு வேலை. "சும்மா ஊர் சுற்றிவிட்டுப் போகாதே, ஒரு நாள் என்னோடு வேலைக்கு வா. எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும்" என்றார். வானொலியில் பேசிப் பேசியே பிழைப்பவளுக்கு, வாயை மூடிக்கொண்டு எழுதும் வேலை.

மெல்பர்னிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கார் பயணம். மவுண்ட் பியூட்டி என்ற சிற்றூரைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. 2003ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் கருகிய ஸ்னோ கம் மரங்கள், வெளுத்த எலும்புகள்போல் இன்னும் நிற்கின்றன. ஃபால்ஸ் கிரீக் பனிச்சறுக்கு ஊரையும் கடந்தால் போகோங் உயர்சமவெளி. உயரம் ஏறக்குறைய 1,600 மீட்டர். கோடைக்காலம்தான், ஆனாலும் எனக்குப் பல் கிட்டியது.

இங்கே ஒரு விநோதம். குன்றின் மேலே மரம் இருக்கிறது, கீழே பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை. இரவில் குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தில் வந்து தேங்கிவிடுமாம். அந்த உறைபனியில் மரக்கன்று பிழைப்பதில்லை. முழங்கால் முதல் இடுப்பு வரை வளரும் புதர்களும் கொத்துப் புற்களும்தான் அங்கே. ஒரு புதரில் கைபட்டதும் புதினா வாசம் வந்தது. பெயரே மலைப் புதினாப் புதர்தான்.

"இந்த இடம் நன்றாக இருக்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா என்று எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டார் அக்கா. பசுமையாக இருக்கிறது, பூ பூத்திருக்கிறது என்றேன். "அதெல்லாம் மேலே. கீழே பார்."

அளவு நாடாவைப் புதர்களுக்கிடையே நேராக இழுத்துக் கட்டினோம். குறித்த இடைவெளியில் மெல்லிய கம்பியைச் செங்குத்தாக இறக்க வேண்டும். நுனி தரையில் எதைத் தொடுகிறதோ அதை அக்கா சொல்வார், நான் எழுதுவேன். "சருகு. சருகு. பாசி. கல். வெறும் மண்." நூறு முறை இறக்கினால் அதில் எத்தனை முறை சருகு என்பதே அதன் விழுக்காடு. செடியிலேயே காய்ந்து தொங்கும் இலை கணக்கில் வராது. உதிர்ந்து தரையில் கிடப்பதுதான் சருகு. தொடங்குமுன் கண்ணால் பார்த்து எண்பது இருக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். கம்பி சொன்னது 57. புதர் நிழலில் எல்லாமே மூடியிருப்பதுபோல் கண் ஏமாந்துவிடுகிறது.

அந்த மிச்சத்தில் இருக்கும் வெறும் மண்தான் அக்காவின் கவலை. குளிர் இரவில் ஈர மண்ணுக்குள் ஊசி ஊசியாகப் பனிக்கட்டி முளைத்து, மேல்மண்ணைத் தூக்கிவிடுகிறது. பகலில் அது உருகும்போது மண் பொலபொலவென்று உதிர்ந்து நிற்கும். காற்றோ மழையோ வந்தால் போய்விடும். சருகு மூடிய இடத்தில் இந்த வேலை நடப்பது கடினம். மழைத்துளி நேராக அறைவதையும் அது தடுக்கிறது, விதைக்கு ஈரத்தையும் காத்துக்கொடுக்கிறது. நம் ஊர்க் காட்டில் இலை விழுந்தால் வெயிலும் மழையும் சேர்ந்து விரைவில் மக்கவைத்துவிடும். இங்கே ஆண்டில் பல மாதங்கள் பனிக்கடியில் எதுவும் மெதுவாகத்தான் மக்கும். ஒரு முறை இழந்த போர்வை திரும்பி வர வெகுகாலம் ஆகிறது.

இதை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே மண்டியிட்டு எண்ணியவர் ஒரு பெண். மேய்சி ஃபாசெட் என்ற தாவரவியலாளர், 1941இல் மண் அரிப்பை ஆராய இந்த மலைநாட்டுக்கு அனுப்பப்பட்டவர். குதிரையில் தனியாகச் சுற்றிய அவரை ஊர்க்காரர்கள் 'மண் அரிப்புக்காரி' என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்களாம். கோடையில் மாடுகளை மேலே மேய்ப்பதுதான் அன்றைய வழக்கம். அவர் 1945இல் ராக்கி வேலியிலும் அடுத்த ஆண்டு பிரெட்டி வேலியிலும் மாடு நுழையாமல் வேலி போட்டு, உள்ளேயும் வெளியேயும் ஒப்பிட்டார். வெளியே மாடு விரும்பித் தின்னும் செடிகள் குறைந்தன, வெறும் மண் அதிகமாக இருந்தது. அந்த இடங்களில் இன்றும் கணக்கெடுப்பு தொடர்கிறது. மேய்ச்சல் உரிமங்களைப் புதுப்பிப்பதில்லை என்று விக்டோரியா அரசு முடிவெடுத்தது 2005இல்தான். தலைமுறை தலைமுறையாக மாடு ஓட்டிவந்த குடும்பங்களுக்கு அது பெரிய அடி. அவர்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எண்கள் அவர்கள் பக்கம் இல்லை.

மாடு போனதும் பிரச்சினை போய்விடவில்லை. சாம்பார் மான் இப்போது மிதிக்கிறது. நம் பக்கத்துக் காட்டு மானேதான், வேட்டைக்காக அங்கே கொண்டுபோய் விடப்பட்டது!

விக்டோரியாவில் ஓர் இடத்தின் இயற்கை நலத்துக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடும் முறையில் சருகுக்கு ஐந்துதான். மரமே இல்லாத நிலமென்றால் மரத்துக்கான பங்கைக் கழித்து, மற்றதைச் சரிக்கட்டுவார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், சருகு அதிகமானாலும் மதிப்பெண் குறையும். அந்த வகை நிலத்தில் இயல்பாக எவ்வளவு இருக்க வேண்டுமோ அதன் பாதிக்குக் கீழே போனாலும் குற்றம், ஒன்றரை மடங்கைத் தாண்டினாலும் குற்றம். வெளியூர்க் களையின் சருகானால் அதற்கும் கழிவு உண்டு.

மூன்றாவது நாடாவின்போது நான் படம் எடுக்கும் ஆசையில் அந்தப் பக்கம் தாவினேன். "ஏய், அங்கே மிதிக்காதே!" என்று அக்கா கத்துவதற்குள் காலடி பதிந்துவிட்டது. சருகு விலகி, கீழே கறுத்த மண். கையால் இலையை வாரி மூடப் போனேன். "வேண்டாம். மூடினால் பொய்க் கணக்கு" என்றவர், காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி 31 முதல் 33 வரையிலான புள்ளிகளுக்கு எதிரே 'கணக்கெடுத்தவர் மிதித்தது' என்று எழுதினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல நேரம். வெயிலிலும் குளிருடை வேண்டும். குளிர்காலத்தில் உயர்சமவெளியைக் கடக்கும் சாலையை மூடிவிடுவார்கள். நடைபாதைகளில் கம்புகள் நட்டிருக்கிறார்கள். அவற்றை ஒட்டியே நடங்கள். அக்கா அதே இடத்துக்கு மறுபடி கணக்கெடுக்கப் போகிறார். அந்த மூன்று புள்ளிகளில் என்ன இருக்கிறது என்று முதலில் எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.